திரையில் இரண்டாம் தண்டனை

பேய் பிடித்த கன்னியாஸ்திரீகளையும் சூனியக்காரிகளையும் வைத்து 1970களில் ஐரோப்பாவில் மலிவாக எடுத்துத் தள்ளிய படங்களுக்காக இன்றும் வாதாடுவோர் உளர். “சரித்திரத்தைத்தானே காட்டினார்கள்?” என்பது அவர்கள் வாதம்.

எந்தச் சரித்திரம்? பிரான்சின் லூதூன் நகரில் உர்சுலின் மடத்துப் பெண்களைப் பேய் பிடித்ததென்றார்கள். ஏவியவர் பாதிரியார் உர்பேன் கிராந்தியே என்று பழி சுமத்தி, 1634இல் அவரை உயிரோடு எரித்தார்கள். கால்களை நொறுக்கியும் அவர் குற்றத்தை ஒப்பவில்லை. நகர மதிலை இடிப்பதை எதிர்த்து, ரிஷெல்யூவின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். இவ்வழக்கின் நிழலில் போலந்து நாட்டுக் கவலெரோவிச் 1961இல் ஒரு படம் எடுத்தார். பேய் பிடித்தவளை மனுஷியாகவே பார்த்தார். பின்வந்த இத்தாலிய வியாபாரிகளுக்கோ மடத்துச் சுவரும் பெண்ணின் நிர்வாணமுமே போதுமாயிருந்தன.

மேற்கு ஜெர்மனியின் ‘பிசாசின் முத்திரை’ (1970) அமெரிக்காவில் ஓடியபோது, வாந்தியெடுக்கப் பை கொடுத்து விளம்பரம் செய்தார்கள்! சித்திரவதையைக் கண்டிப்பவன் இப்படியா கூவி விற்பான்?

சூனியப் பழியால் ஐரோப்பாவில் மாண்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் என்பர் ஆய்வாளர், பெரும்பாலோர் பெண்கள். சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் 1782இல் தலை வெட்டப்பட்ட பணிப்பெண் அன்னா கோல்டி குற்றமற்றவள் என்று அறிவிக்க 2008 வரை ஆயிற்று. இப்படங்கள் பலவற்றிலோ பிசாசு மெய்யாகவே வருகிறது; சூனியக்காரி மெய்யாகவே சூனியம் செய்கிறாள். அப்படியானால் அன்னாவின் தலையை வெட்டச் சொன்ன நீதிபதிகள் சொன்னது சரிதான் என்றல்லவா ஆகிறது?