ஏக்கரில் வாங்கி சென்டில் விற்று...

உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்தை ஒரு தடவையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முடிந்தால் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். டி.வி. சீரியலெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

ஒவ்வொரு கவுன்சிலர் முன்னாலும் ஒரு கத்தைக் காகிதம் இருக்கும். அஜெண்டா. ஒவ்வொரு பொருளும் ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்’ என்று முடியும். பிளீச்சிங் பவுடர் வாங்கியதில் ஆரம்பித்து ஜீப் ரிப்பேர் வரை எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருத்தர் எழுந்து தன் வார்டில் சாக்கடை அடைத்திருப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் கத்துவார். இன்னொருத்தர் தெருவிளக்கு எரியவில்லை என்று வெளிநடப்பு செய்துவிட்டு, டீ வந்ததும் திரும்பி வருவார். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ‘ஆல் பாஸ்.’ மேஜை தட்டல். தேசிய கீதம். முடிந்தது.

அந்தக் கத்தையில் அறுபத்துச் சொச்சமாவது பொருளாக ஒன்று இருந்திருக்கும். இன்ன சர்வே எண்ணில் உள்ள இத்தனை ஏக்கர் நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்ற மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. பிளீச்சிங் பவுடரோடு சேர்த்து அதுவும் பாஸ்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025 புத்தாண்டையொட்டி, பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரம் உயர்த்தப்படும் ஊர்களின் பட்டியல் ஒன்று வெளியானது. கோத்தகிரி அதில் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 28 ஆயிரம் பேர் வசித்த சின்ன மலை ஊர். ஊட்டி மாதிரி கூட்டம் கிடையாது, குன்னூர் மாதிரி டிராஃபிக் கிடையாது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நகராட்சி என்றால் நிதி அதிகம் வரும், திட்டங்கள் வரும், கட்டடங்கள் வரும். கூடவே ‘கொஞ்சம் வகை மாத்திக் குடுங்க சார்’ என்று கேட்கிறவர்களும் வருவார்கள். ஊட்டியில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த ‘ஆல் பாஸ்’ என்ற இரண்டு வார்த்தையின் விலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பு எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பக்கம் டெபிட் இருந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் இருந்தே தீரும். அதை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

தேயிலைத் தோட்டம் ஏக்கர் கணக்கில் விற்கிறது. வீட்டு மனை சென்ட் கணக்கில் விற்கிறது. ஒரு ஏக்கர் என்பது நூறு சென்ட். ஒரு பேச்சுக்கு ஏக்கர் 50 லட்சத்துக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகை மாறுகிறது. ரோடு, அது இது என்று 30 சென்ட் போனாலும் 70 சென்ட் மிச்சம். சென்ட் 3 லட்சம் என்றால் 2 கோடியே 10 லட்சம். நடுவில் அவர் செய்தது என்ன? ஒரு செடி நட்டாரா, ஒரு கல் வைத்தாரா? ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு வார்த்தை மாறியது. அந்த 1 கோடியே 60 லட்சம் வானத்திலிருந்து விழவில்லை. உங்கள் ரோடு, உங்கள் குடிநீர்க் குழாய், உங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பதால் ஏறிய விலை அது. அதாவது ஊர்ச் சொத்து. கட்டணம் என்று ஏதோ வசூலிக்கிறார்கள். ஆனால் அது அவருக்குக் கிடைத்த லாபத்தைப் பார்த்துப் போடுகிற கட்டணம் இல்லை.

அவர் பக்கம் கிரெடிட். டெபிட் யார் பக்கம்? லாங்வுட் சோலை பக்கம். 116 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு அதுதான் தண்ணீர். ஈளாடா தடுப்பணை பக்கம். புதிதாக எழும் நாற்பது அறை ரிசார்ட்டும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும், அதே சரிவில்தான் கழிவை விடும். இந்தச் செலவு எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

‘இதெல்லாம் கவுன்சில் கையில் இல்லை சார்’ என்பார்கள். பாதி உண்மை. 1971-ம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறையிடமும் அரசிடமும் இருக்கிறது. மலைப்பகுதி என்பதால் 1990-ல் உருவான மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வேறு இருக்கிறது. கவுன்சில் வெறும் தீர்மானம் போட்டு அனுப்புகிறது. கவுன்சிலரைக் கேட்டால் ‘மேலே பாஸ் பண்ணினாங்க’ என்பார். மேலே கேட்டால் ‘உள்ளாட்சி மன்றமே ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானம் போட்டிருக்கே’ என்பார்கள். பந்து இந்தக் கோர்ட்டுக்கும் அந்தக் கோர்ட்டுக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஆட்டம் முடியும்போது கட்டடத்துக்குக் கிரகப்பிரவேசம் நடந்திருக்கும். பொதுமக்கள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள். தீப்பெட்டி சைஸில். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் எந்த இடம் என்று புரியாது. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு தன் ஊரை அடையாளம் காண்கிறவர் வி.ஏ.ஓ. மட்டும்தான்.

74-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் நகராட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியல் போட்டார்கள். முதல் பணி நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ரோடு, தண்ணீர், குப்பை எல்லாம் அதற்கு அப்புறம்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் கவுன்சிலர்கள் இன்னும் சாக்கடையிலேயே நிற்கிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்கும் அவர்கள் அங்கேயே நிற்பது வசதி.

மலையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. நீலகிரியில் 1993-லிருந்து மலைவாழிடக் கட்டட விதிகள் இருக்கின்றன. 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று ஒவ்வொரு கொத்தனாருக்கும் தெரியும். அப்படியும் ஊட்டி நகராட்சி எல்லையில் விதி மீறி எழுந்தவை என்று கணக்கில் வந்த கட்டடங்கள் 1,337. ஒன்றிரண்டு என்றால் திருட்டுத்தனம் எனலாம். ஆயிரத்து முன்னூற்று முப்பத்தேழு என்றால்? அதற்குப் பெயர் நிர்வாகம்.

சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளில் பல, வீடு என்று அனுமதி வாங்கி ஹோட்டலாக நடந்தவை. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் யானை வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பே வந்துவிட்டது. அத்தனை வருடம் அவற்றுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தது யார், வரி ரசீது கிழித்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அபாயமான இடங்கள் என்று 283 இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவமழைக்கும் பேப்பரில் அந்த எண் வரும். வகை மாற்றக் கோப்பில் அந்தப் பட்டியலை யாராவது ஒட்டுகிறார்களா?

இது நிலத்தின் கதை. அதே அஜெண்டாவில் இன்னொரு வகைப் பொருளும் பாஸ் ஆகும். மார்க்கெட், மண்டபம், ஸ்டேடியம், பூங்கா. ஊர்ப் பணத்தில் ஊருக்காகக் கட்டுவது. முந்தையது ஊர்ப் பணம் சத்தமில்லாமல் வெளியே போகிற வழி. இது மாலை மரியாதையோடு போகிற வழி. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்கு மட்டும் கல்வெட்டு கிடையாது, அதனால் பணமும் கிடையாது.

ஊட்டி நகராட்சி மார்க்கெட்டையே பாருங்கள். ஊரின் நடுவில் தங்கமான இடம். 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு நகராட்சியே சீல் வைத்தது. காரணம் வாடகைப் பாக்கி, 30 கோடி ரூபாய்க்கு மேல். வியாபாரிகள் ‘திடீர்னு பல மடங்கு ஏத்தினா எப்படிங்க கட்டறது?’ என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. வருடக்கணக்கில் வாடகையைத் தொடாமல் தூங்கிவிட்டு ஒரே நாளில் விழித்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. ஆனால் எந்தக் கவுன்சிலர் ஓட்டை விட்டுவிட்டு வாடகையை ஏற்றுவார்?

ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் நகராட்சி விவகாரம் அல்ல, அரசு நிலம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். 52 ஏக்கர் சொச்சம். குத்தகைக் காலம் 1978-லேயே முடிந்தது. 2001-லிருந்து வாடகை வரவில்லை என்றும், பாக்கி 822 கோடி ரூபாய் என்றும் அரசு கணக்குச் சொன்னது. 2024 ஜூலையில் வருவாய்த் துறை நிலத்தைக் கையில் எடுத்தது. 822 கோடி ஒரே ராத்திரியில் சேர்ந்துவிடாது. ஒவ்வொரு வருடமும் மார்ச் 31-ம் தேதி வரத்தான் செய்தது. கணக்கு முடிக்கிற நாள் அது என்று பி.காம். படித்த எனக்கே தெரியும்.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. கனடாவில் மான்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்ஸுக்காக ஒரு ஸ்டேடியம் கட்டியது. கடனை அடைக்க சிகரெட்டுக்குத் தனி வரி போட்டார்கள். அடைந்து முடிந்தது 2006-ல். முப்பது வருடம் ஊர் ஊதித் தள்ளியது. அமெரிக்காவில் பான்டியாக் என்ற ஊர், 1975-ல் 5 கோடியே 57 லட்சம் டாலருக்கு ஸ்டேடியம் கட்டியது. அங்கே விளையாடிய டீம் வேறு ஊருக்குப் போய்விட்டது. 2009-ல் அந்த ஸ்டேடியம் விற்ற விலை 5 லட்சத்து 83 ஆயிரம் டாலர். போட்டதில் ரூபாய்க்கு ஒரு பைசா!

கோத்தகிரிக்கு இது ஏன்? அங்கே நேரு பூங்கா இருக்கிறது. கோடை விழாவின் காய்கறிக் கண்காட்சி மே மாதம் அங்கேதான் நடக்கும். அந்த வளாகத்துக்குள்ளேயே கோத்தர்களின் கோயில் இருக்கிறது. ஊருக்கே அவர்கள் பெயர்தானே. காந்தி மைதானம் இருக்கிறது. நகராட்சி ஆனால் ‘நவீனப்படுத்தறோம்’ என்று ஒரு நாள் ஒரு பொருள் வரும். வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலை ஊர்ப் பிள்ளைகளுக்கு மழையில் விளையாட ஒரு கூரை வேண்டும். என் கேள்வி எல்லாம் இதுதான்: கட்டுவதற்கு எவ்வளவு என்று எழுதும்போதே, இருபது வருடம் பராமரிக்க எவ்வளவு, வாடகை எவ்வளவு வரும், துண்டு விழுந்தால் எங்கிருந்து என்றும் அதே தாளில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

துண்டு விழுவதற்கு வழி அதே அஜெண்டாவிலேயே இருக்கிறது. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரம், கூடுதலாகக் கட்டும் உரிமையை 2004-லிருந்து பங்குச் சந்தையில் ஏலம் விடுகிறது. அந்தப் பணம் அந்தந்தப் பகுதியின் பாலத்துக்கும் ரோட்டுக்கும் போகிறது. மலையில் கட்டும் உரிமையை ஏலம் விடச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். 283 இடங்களில் எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுக்கலாம் என்று முடிவான இடத்தில், ஏறிய விலையில் ஒரு பங்கு ஊருக்கு வர வேண்டாமா? இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டு, மண்டபம் கட்ட சென்னையிடம் கையேந்துவது என்ன சாமர்த்தியம்?

‘பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. பறிக்கிற கூலி கூடக் கட்டுபடி ஆகலை. சிறு விவசாயி விக்காம என்ன பண்ணுவான்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த விவாதத்தில் நான் மதிக்கிற ஒரே கேள்வியும் அதுதான். ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். தன் அரை ஏக்கரை விற்கிற விவசாயி ஏக்கர் விலையில் விற்கிறார். சென்ட் விலை பார்க்கிறவர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார். வகை மாற்றத்தால் லாபம் விவசாயிக்கு என்று சொல்கிறவர்கள், பத்திரத்தில் எந்தத் தேதியில் யார் பெயர் இருந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வாங்கியவர் யார், எப்போது வாங்கினார், எப்போது மனு போட்டார் — இந்த மூன்று தேதியையும் அஜெண்டாவில் போட்டாலே பாதிப் பேர் மனு போட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் நகர்ப்புறத்துக்கும் கிராம சபை மாதிரி ‘ஏரியா சபை’ என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. உங்கள் வார்டில் கூடினால் போய் உட்காருங்கள். கூடாவிட்டால் இருக்கவே இருக்கிறது தகவல் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். கடந்த ஐந்து வருடத்தில் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மன்றம் போட்ட தீர்மானங்கள் எத்தனை, சர்வே எண் என்ன, எதிர்த்துப் பேசியவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். நகராட்சிக்குச் சொந்தமான ஒவ்வொரு கட்டடமும் போன வருடம் சம்பாதித்தது எவ்வளவு, தின்றது எவ்வளவு என்றும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம்.

வந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். சர்வே எண்ணோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.