நம்பர் சீட்டும் நாலு வாக்கியமும்



புது மொழியை எங்கே பழகலாம் என்று கேட்டால் வகுப்பு, செல்போன் செயலி, சினிமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்வீடிஷ் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஸ்வீடன் கடைகளில் சீஸும் மீனும் நிறுத்துக் கொடுக்கும் கவுன்டருக்கு முன்னால் இருக்கும் கியூவை.

அங்கே போனதும் முதல் வேலை, எண் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொள்வது. 'நும்மர்லப்' என்பார்கள். மருந்துக்கடை முதல் வரி அலுவலகம் வரை இந்த வழக்கம் உண்டு. இப்போது பல இடங்களில் தொடுதிரை வந்துவிட்டது. சீட்டு கைக்கு வந்தபின் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு மூலையில் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொழி பழகுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முறை தப்பாது, அது வரும்வரை சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் 27 வந்தால்தான் சோதனை. இருபது, ஏறக்குறைய 'ஷூகோ'. ஏழு இருக்கிறதே, அது நம் எழுத்துக்குள் அடங்காது. சூடான காபியை ஊதிக்கொண்டே 'ஹூ' என்று சொன்னால் கிட்டத்தட்ட வரும். இரண்டையும் சேர்த்தால் 27. போதாததற்கு 17 'ஹுட்டோன்', 70 'ஹுட்டி'. கடைக்காரர் வேகமாகக் கூப்பிட்டால் காது தடுமாறும். நல்லவேளை, தலைக்கு மேலே பலகையில் எண் ஒளிர்கிறது. கேட்டதைக் கண்ணால் உடனே சரிபார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வசதி இல்லை.

முறை வந்துவிட்டது. 'ஹெய்' என்று ஒரு வணக்கம். பிறகு, 'ட்வோ ஹெக்டோ, டக்'. ஹெக்டோ என்றால் 100 கிராம். சீஸும் இறைச்சியும் இந்தக் கணக்கில்தான் கேட்பார்கள். 'டக்' நன்றி என்று அகராதி சொல்லும், ஆனால் 'ப்ளீஸ்' இருக்க வேண்டிய இடத்திலும் அதுவே உட்கார்ந்துகொள்கிறது. (நாம் மட்டும் மளிகைக் கடையில் 'தயவுசெய்து' என்றா சொல்கிறோம்!) கட்டிக் கொடுத்ததும் 'வார் டே ப்ரா சோ?' என்று கேட்பார்கள். இவ்வளவுதானா, வேறு ஏதாவது வேண்டுமா என்று அர்த்தம். பணம் கட்டும் இடத்தில் 'க்விட்டோ?' என்றால் ரசீது. நாளைக்குப் போனாலும் இதே கேள்விகள், இதே வரிசையில். ஸ்வீடன்காரர்கள் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள். நீங்கள் தயங்கினால் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். கேள்வி முன்கூட்டியே தெரிந்தால் தயக்கத்துக்கு இடமேது?

சீட்டு இல்லாத இடங்களில் வேறு சிக்கல். பஸ் நிறுத்தத்தில் ஒருவருக்கொருவர் அவ்வளவு தள்ளி நிற்பார்கள், அது கியூவா என்பதே புரியாது. அதனால் 'உர்ஷெக்டா, ஸ்டோர் டூ இ கோன்?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மன்னிக்கவும், நீங்கள் கியூவில் நிற்கிறீர்களா? வடக்கு ஸ்வீடனில் இந்தக் கேள்விக்கு விடையாக, மூச்சைச் சட்டென்று உள்ளிழுக்கும் சின்னச் சத்தம் மட்டும் வரலாம். முகம் சுளிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், ஆமாம் என்கிறார்.

அந்தக் கேள்வியில் வந்த 'டூ' என்பது உண்மையில் 'நீ'. அண்ணா, அக்கா, சார் என்று உறவோ மரியாதையோ வைத்து அழைத்துப் பழகிய நமக்கு, முன்னால் நிற்கும் எழுபது வயதுக்காரரை நீ என்பது கூசத்தான் செய்யும். ஸ்வீடன்காரர்களும் ஒரு காலத்தில் பட்டத்தையும் பதவியையும் சொல்லித்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1967-இல் அரசு மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அப்போது பரவிக்கொண்டிருந்த மாற்றத்துக்கு அது பெரிய உந்துதல். இன்று அரச குடும்பத்தைத் தவிர எல்லோரும் 'டூ'தான்.

கியூ கடையோடு முடிவதில்லை. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கே கியூ. நகராட்சி 1947-இல் தொடங்கிய அமைப்பில் 18 வயது நிரம்பியதும் பதிந்துகொள்ளலாம். யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கு முன்னுரிமை. நகரின் நடுப்பகுதியில் வீடு வேண்டுமென்றால் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருக்க நேரும். சீஸ் கவுன்டரில் கற்ற பொறுமை அதற்குக் காணுமா என்பது என் சந்தேகம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கியூவில் அரட்டை வராது. பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை கேட்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். அதற்கு 'ஃபீகா' எனும் காபி நேரம் இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு இதழில் பேசலாம்.

வேற்றுமொழி ஊரில் பிழைத்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். எந்தக் கடையில், எந்த ஆபீஸ் ஜன்னலில் நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் பலித்தது? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அந்த வாக்கியத்தை அந்த மொழியிலேயே, தமிழ் எழுத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்