கலைக்கூடம் யார் வீட்டுச் சொத்து?

பங்குனித் திங்கள். மயிலை மாடவீதிகளில் அறுபத்துமூவர் விழா. நீர்மோர்ப் பந்தல் என்ன, விசிறி வழங்குவோர் என்ன, வியர்வை வழிய முண்டியடிக்கும் மக்கள் வெள்ளம் என்ன! அதே மயிலையில், சில தெருக்கள் தள்ளி, குளிரூட்டப்பட்ட ஓவியக் கூடம் ஒன்று. கட்டணம் இல்லை. கதவும் திறந்தே கிடக்கிறது. உள்ளே இருப்போர் மூவர். ஒருவர் ஓவியர், ஒருவர் அவருடைய மைத்துனர், இன்னொருவர் தேநீர் கொண்டுவந்தவர்!

"தமிழனுக்கு ஓவியச் சுவை ஏது? தேரும் திரைப்படமும் போதும் அவனுக்கு" என்று தீர்ப்பளித்துவிட்டார்கள் மேட்டுக்குடிச் சுவைஞர்கள். வழக்கை விசாரித்தார்களா?

பரிபாடலைப் புரட்டட்டும். திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பத்தொன்பதாம் பாடலில் காட்டுகிறார் நப்பண்ணனார். காமன், இரதி, இந்திரன், கல்லாகிப்போன அகலிகை எனத் தீட்டப்பட்டிருந்தது ஆரியப் புராணச் சரக்குதான். அதை நாம் போற்றவில்லை. போற்றத்தக்கது வேறு. காண வந்தோர், "இவள் யார்? இவன் யார்?" என்று வினவினர். அறிந்தோர் விளக்கினர். வினவியதும் தமிழில், விளக்கியதும் தமிழில்! அந்த மண்டபத்தில் நின்றவனுக்கு இருந்த உரிமை, இன்று சென்னையில் நிற்பவனுக்கு உண்டா?

நம் பள்ளிப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு இத்தகைய கூடமொன்றுக்குச் சென்றோம். வாயிலில் காவலர் மறித்தார். "யாரைப் பார்க்கணும்?" என்றார். ஓவியத்தைப் பார்க்க வந்தோம் என்றோம். திகைத்தார். பிள்ளைகளின் செருப்பில்லாக் கால்களைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார். அவரைக் கடிந்துரைக்க நமக்கு மனமில்லை. மூன்றாண்டுகளாக அந்த வாயிலில் நிற்பவர், உள்ளே மாட்டியிருப்பவற்றை ஒருநாளும் நின்று பார்த்ததில்லையாம்!

உள்ளே ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் சிறு அட்டை; அத்தனையும் ஆங்கிலம். கையில் தந்த வழவழப்பான மடலும் ஆங்கிலம். ஆங்கிலம் கற்ற நமக்கே அதில் பாதி விளங்கவில்லை என்பதை ஒளிப்பானேன்? ஆனால், நொச்சிக்குப்பத்துச் சிறுமி ஒருத்தி, கடற்கரைக் காட்சியொன்றின் முன் நின்று, "சார், வலையை இப்படிச் சுருட்டி வைத்தால் சிக்கிக்கொள்ளுமே" என்றாள். ஓவியர் அங்கேயே இருந்தார். முதலில் முகம் சுளித்தார், பின்பு அவளிடம் குனிந்து, "எப்படிச் சுருட்டுவார்கள்?" என்று கேட்டார். கால் மணி நேரம் பேசினார்கள். ஆங்கில மடலில் அச்சேறாத திறனாய்வு அது!

சுவை இல்லை என்றீர்களே, இது என்ன?

மயிலையில் பிறந்தவர்தான் சிற்பி தனபால். தந்தை பெரியாரின் தலையை வடித்த கைகள் அவருடையவை. கடற்கரையில், சிங்காரவேலர் 1923இல் மே நாள் கொண்டாடினாரே, அங்கே பாறையை நெம்பி நிற்கும் உழைப்பாளர் நால்வரை 1959 முதல் காணாத சென்னைவாசி உண்டா? அதை வடித்தவர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அந்தச் சிலைக்கு வாயிற்காவலர் இல்லை, மடலும் இல்லை. மக்கள் பார்க்கிறார்கள்.

"இனிக் கவலை எதற்கு? இணையவழிக் கண்காட்சி வந்துவிட்டதே!" என்பர் சிலர். நன்றே. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இலிருந்து தன் ஓவியப் படிகளை எவரும் கட்டணமின்றி எடுத்தாள இணையத்தில் தருகிறது. கைப்பேசியில் ரெம்பிராண்டின் தூரிகைத் தடத்தை நம் மாணவன் காண்கிறான். இதை வரவேற்கிறோம். ஆனால், நம் நகரத்துக் கூடங்கள் இணையத்துக்கு எதைக் கொண்டுபோயின? அதே ஆங்கில அட்டையைத்தானே!

சுவரைத் தேடி மக்கள் வராவிட்டால், மக்களின் சுவருக்கே கலை போகும் என்றார்கள். 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் பெரும் ஓவியங்கள் தீட்டினார்கள். அழகுதான்! ஆனால், நகரின் நடுவே குடிசையில் வாழ்ந்தோரைப் பெயர்த்தெடுத்து நகர்ப்புறத்தில் குவித்த இடமல்லவா அது? வீட்டுச் சுவர் வண்ணம் பெற்றது, பெயர்ந்த பிழைப்பு? பிரெஞ்சுப் புரட்சி 1793இல் மன்னர் மாளிகை லூவரையே மக்களுக்குத் திறந்துவிட்டது. இங்கோ, மக்களை வெளியே அனுப்பிவிட்டு, ஓவியத்தைப் பின்னால் அனுப்புகிறோம்.

தியாகராயர் நகரில் அகன்ற நடைபாதை இருக்கிறது. பாண்டி பசார் என்று பலர் சொல்லும் அங்காடி. சௌந்தரபாண்டியனார் பெயரைத் தாங்கியது. 1929இல் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். துணிக்கடை விளம்பரத்துக்கு இடமுள்ள அந்த வீதியில், கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் ஓவியங்களைத் தமிழ்க் குறிப்புடன் வைத்தால் எவர் குடி முழுகும்?

தோழர்களே, அதுவரை காத்திராதீர்கள். கூட்டமாகச் செல்லுங்கள். அட்டையில் தமிழ் எங்கே என்று கேளுங்கள். பார்வையாளர் ஏட்டில் எழுதுங்கள், தமிழிலேயே. நாம் சென்ற கூடத்துக்கு ஞாயிறன்று பூட்டு. உழைப்பவனுக்கு ஓய்வு என்றைக்கோ, அன்றைக்கே! ஆகவே, வரும் ஞாயிறு பிள்ளைகளுடன் எழும்பூர் அருங்காட்சியகம் செல்கிறோம். அன்று தமக்கும் விடுமுறைதான் என்று அந்தக் காவலரும் உடன் வருகிறார்.