பெருஞ்சோற்று நிலையும் தீயணைப்பு நிலையமும்

"தீயணைப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும், ஏணி வேண்டும், வாகனம் வேண்டும், சமையற் பாடம் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் வினவினார். தீயணைப்புப் படையினரின் உணவையும் தலைமைத்துவத்தையும் இணைத்துக் கட்டுரை ஒன்று எழுதவிருப்பதாகக் கூறியபோது எழுந்த வினா இது. வினாவோடு நகைப்பும் வந்தது. அந்நகைப்பு அவர் ஒருவருக்கே உரியதன்று. அடுப்படியை அறிவுக்குப் புறம்பானதாகவும், ஆண்மைக்கு இழுக்காகவும், நிருவாகத்தின் கவனத்துக்குத் தகாததாகவும் கருதும் படித்த வர்க்கம் முழுவதற்கும் உரியது. அதற்கு விடையிறுத்தலே எமது நோக்கமாகும்.

பேராதனையிற் கற்போர் ஹந்தானை மலையை அறியாதவர் அல்லர். 2010ஆம் ஆண்டிற் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட அம்மலையின் புற்சரிவுகள் வரட்சிக் காலங்களில் தீப்பற்றி எரிவதை நாம் கீழிருந்து காண்கின்றோம். வீதி முடியுமிடத்தில் வாகனம் நின்றுவிடும். அதன்பின் மனிதனே ஏறவேண்டும். கண்டி நகரினுள்ளேயோ ஒன்றோடொன்று ஒட்டிய கட்டடங்கள், ஒடுங்கிய வீதிகள். 2019 நவம்பரில் யட்டிநுவர வீதியின் மாடிக் கட்டடமொன்றில் தீ மூண்டபோது, மேலே சிக்கிய குடும்பத்தினர் கீழே நின்றோரின் கைகளில் ஏந்தப்பட்டு உயிர் தப்பினர். எசல பெரஹரா இரவுகளிலோ எரியும் கொப்பரைப் பந்தங்களின் இருமருங்கும் மக்கள் வெள்ளம். இவ்வேளைகளில் எல்லாம் நாம் எதிர்பார்த்து நிற்பது மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவையே. அப்பிரிவின் வாகனங்களைப் பற்றியும் நீர்க்குழாய்களைப் பற்றியும் கேள்வி எழுப்புகின்றோம். அவற்றை இயக்கும் மனிதன் இன்று என்ன உண்டான் என்று நம்மில் எவர் கேட்டோம்?

தீயணைப்பு என்பது நெடுநேரக் காத்திருப்பும் திடீர்ப் பேருழைப்பும் மாறிமாறி வரும் தொழில். உறக்கத்திலிருந்து எழுந்தவன் சில நிமிடங்களில் இருபது கிலோகிராமுக்கு மேற்பட்ட உடையும் சுவாசக் கருவியும் சுமந்து வெப்பத்தினுள் நுழைகின்றான். ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்வை வடியக்கூடும். இருதயம் இதனை எளிதில் ஏற்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை கடமையில் இறந்த தீயணைப்பாளரைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. அம்மரணங்களுள் ஏறத்தாழ 39 சதவீதத்துக்குக் காரணம் முடியுருநாடி இருதய நோய். தீயை அணைக்கும் பணியில் அவர்கள் செலவிடும் நேரம் மிகச் சிறிது. எனினும் அந்நோயால் நேர்ந்த மரணங்களுள் மூன்றிலொரு பங்களவு அச்சிறு நேரத்திலேயே நிகழ்ந்தது. தீநாக்கைவிட இரத்தக் குழாயிற் படிந்த கொழுப்பே பலரைக் கொன்றது என்பதே இதன் பொருள்.

அமெரிக்கக் கணக்கு நமக்கெதற்கு என்பார் உளர். அவர்களுக்கும் விடையுண்டு. அதே 2007இல் வெளியான பிறிதோர் ஆய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53. ஏனையோருக்கு 59ஐ அண்மியது. ஆகவே நமது கவலை கூடவேண்டுமேயன்றிக் குறைய நியாயமில்லை. அவ்வாறிருக்க, இரவுக் கடமையில் உள்ள தொழிலாளிக்கு நமது நகரங்கள் அளிப்பவை யாவை? மலைபோற் குவித்த வெள்ளைச் சோற்றில் ஒரு கரண்டிப் பருப்பு வைத்த பார்சல், எண்ணெய் சொட்டும் கொத்து ரொட்டி, ஆறிப்போன ரோல்ஸ், சீனி மிகுந்த தேநீர். நல்லுணவு செல்வர்க்கே உரியது என்று சொல்லித் தப்பவும் இயலாது. குரக்கன் பிட்டு, அவித்த கடலை, கௌபி, பயறு, நெத்தலி, வல்லாரைச் சம்பல், இலைக்கஞ்சி என்பன கண்டிச் சந்தையிற் கிடையாத பொருள்கள் அல்ல. இல்லாதது பொருளன்று; சமைக்கும் அறிவும், சமைப்பதற்கு இடமும், அதனைக் கடமையின் ஒரு கூறாக மதிக்கும் மனமுமே.

சமைக்கும் அறிவு என்பது உப்புப் புளி அறிதல் மாத்திரமன்று. தீயணைப்புத் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2022இல் வகைப்படுத்தியது. கரி படிந்த உடையோடு அடுக்களைக்குள் நுழைதலும் புகை படிந்த கையால் உண்ணுதலும் அசட்டை மாத்திரமல்ல, ஆபத்தும் ஆகும். "முதலிற் கைகழுவு, உடையைக் களைந்து வா" என்று கட்டளையிடுவதும் அதனைத் தானே முதலிற் செய்து காட்டுவதும் தலைவனின் வேலை.

இங்கேதான் தலைமைத்துவம் என்னும் சொல்லுக்கு நாம் வருகின்றோம். இச்சொல் இப்போது கருத்தரங்குகளிலும் சான்றிதழ்களிலும் மலிந்து கிடக்கின்றது. நமது பழைய இலக்கணமோ அதனைச் சோற்றிலே கண்டது. பகைமேற் செல்லும் வேந்தன் தன் வீரருக்குச் சோறளித்து அவரோடு கூடியிருத்தலைப் பெருஞ்சோற்று நிலை என்று தொல்காப்பியர் வஞ்சித்திணையின் துறைகளுள் வைத்தார். உதியஞ்சேரலாதனுக்குப் 'பெருஞ்சோற்று' என்பதே புகழடை ஆயிற்று. போருக்கு முன் உணவு என்பது வயிறு நிரப்பும் செயல் அன்று. ஒருவன் உயிர் மற்றவன் கையில் என்னும் உடன்பாடு. புகை சூழ்ந்த அறையில் முன்னே செல்பவனைப் பின்னே வருபவன் நம்புவதற்கு இவ்வுடன்பாடு இன்றும் வேண்டும்.

புதிய ஆய்வும் இதனையொட்டியே பேசுகின்றது. அமெரிக்க மாநகரொன்றின் தீயணைப்பு நிலையங்களைக் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, கூடியுண்ணும் குழுக்களின் செயற்றிறனை அவற்றின் மேலாளர்கள் உயர்வாக மதிப்பிட்டதாகக் கூறுகின்றது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரது வேறு ஆய்வுகள் சில பின்னர் மீளப்பெறப்பட்டன. ஆதலின் அதனை வேதவாக்காகக் கொள்ளுமாறு யாம் கூறோம். திறமையாற் கூடியுண்கின்றனரா, கூடியுண்பதால் திறமை பெறுகின்றனரா என்பதும் ஆராய்தற்குரியதே. ஆயினும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது: அந்நிலையங்களில் உணவுக்கான செலவை வீரர்களே பகிர்ந்து கொள்கின்றனர். இதனை நமது நிருவாகங்கள் பின்பற்றத் துடிக்கும் என்பதில் ஐயமில்லை. அதனையே யாம் வன்மையாக மறுக்கின்றோம். சேரன் சோற்றை அளித்தான். அதன் விலையை வீரர் தலையிற் கட்டவில்லை. அடுக்களையும் எரிவாயுவும் தூய நீரும் அரிசியும் பருப்பும் சபையின் பொறுப்பு. முறைவைத்துச் சமைத்தல் குழுவின் பொறுப்பு. அம்முறைப் பட்டியலில் அதிகாரியின் பெயரும் இருத்தல் வேண்டும். வெங்காயம் உரிக்க மறுக்கும் அதிகாரி தீயினுள் முன்செல்வான் என்று எவர் நம்புவார்?

இனி, கண்டிக்கே உரிய ஒரு நியாயத்தைக் கூறுவோம். இது சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் நகரம். ஒருவர் மாட்டிறைச்சி உண்ணார். ஒருவர் ஹலால் அல்லாதது தொடார். ஒருவர் மரக்கறி மாத்திரமே உண்பார். நோன்பு காலத்தில் ஒருவர் பகல் முழுதும் உண்ணார். இவர்கள் அனைவரும் மனமுவந்து உண்ணும் ஒரு பானையை ஆக்குதல் எளிதன்று. அதனை ஆக்கத் தெரிந்தவன் தலைவன் ஆவான். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சாதியை எதிர்த்தபோது சமபந்தி போசனத்தை ஓர் ஆயுதமாகக் கொண்டமை தற்செயலன்று. கூடியுண்ணாதவர் கூடி வாழார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் மனிதர் கையால் மூட்டப்பட்ட தீயில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை நாம் மறந்துவிடலாகாது. எரிவது எவர் வீடு என்று கேளாது நீர் பாய்ச்சும் கைகளே இந்நகருக்கு வேண்டும். அக்கைகள் ஒரே பானையில் சோறெடுத்துப் பழகியவையாக இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்குண்டு. உணவு விஞ்ஞானத் துறையும் மருத்துவ பீடமும் இவ்வளாகத்திலேயே உள்ளன. நகரம் சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. மகாவலிக் கரையிலிருந்து கொண்டு உலகின் ஊட்டச்சத்தை அளக்கும் நாம், நமது மலையில் தீயணைக்க ஏறுபவனின் தட்டை எட்டிப் பார்த்ததுண்டா? மலிவான, சத்துள்ள, மூவினத்தவரும் உண்ணத்தக்க ஒரு வாரத்துக்கான உணவுப் பட்டியலை வகுத்து, நிலையத்துக்கே சென்று அங்குள்ளோருடன் நின்று சமைத்துக் காட்டுதல் நம்மால் இயலாததா?

நகைத்த நண்பருக்கு எமது விடை இதுவே. ஹந்தானைச் சரிவு அடுத்த முறை எரியும்போது மேலே ஏறுபவன் வெறும் தேநீரோடு ஏறுவானாயின், அவன் இளைத்து விழும் இடத்தில் தோற்பது அவனல்லன். அவனுக்கு உலை வைக்க மறந்த நாமே.