ஆறாவது அம்பு எங்கே?

போன மாசம் எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ரீல் வந்துச்சு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் காம்பவுண்ட் வில்லை இழுத்து, 80 மீட்டர் தள்ளி நிக்கிற மானை ஒரே அம்புல சாய்க்கிறார். கீழே நம்ம பசங்க வரிசையா ஃபயர் எமோஜி. "மச்சான், நீயும் ஆர்ச்சரிதானே, உன்னால முடியுமா?"ன்னு என்னை டேக் பண்ணி ஒரு கேள்வி வேற.

அங்கேயே ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் நீளமா சொல்ல வேண்டிய விஷயம்ங்கிறதால இங்க எழுதறேன்.

முதல்ல என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி காலேஜ் கிரவுண்ட்ல 50 மீட்டர்ல ஆறு அம்பு விட்டேன். அஞ்சு டார்கெட்ல குத்தி நின்னுச்சு. அன்னிக்கு முழுக்க "50 மீட்டர்தான் என் ரேஞ்ச்"னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஆறாவது அம்பு புல்லுக்குள்ள எங்கேயோ போயிடுச்சு. அதைப் பத்தி யாரும் கேக்கல, நானும் சொல்லல.

வில் வேட்டை சட்டப்படி நடக்கிற அமெரிக்கா மாதிரி நாடுகள்ல, பொறுப்பான வேட்டைக்காரங்க ரெண்டு தூரத்தைத் தனித்தனியா வெச்சிருக்காங்க. ஒண்ணு பயிற்சி தூரம், இன்னொண்ணு எய்யும் தூரம். 60 மீட்டர்ல பழகுறவரும் மிருகம் 25, 30 மீட்டருக்குள்ள வந்தாத்தான் நாணை விடுவார். தூரத்துல பழகுறது தப்பைப் பெருசாக் காட்டத்தான். கை 1 டிகிரி விலகினா 20 மீட்டர்ல 35 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 60 மீட்டர்ல ஒரு மீட்டருக்கு மேல. அங்க தப்பைத் திருத்திக்கிட்டா கிட்டத்துல கை நிக்கும். ஆனா பழகின தூரமே எய்யும் தூரம் ஆகிடாது.

நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்குப் போட்டே பாத்துடலாம். அம்பு வேகம் வினாடிக்கு 80 மீட்டர்னு வெச்சுக்கோங்க, காத்தோட தடையை விட்டுடுங்க. 20 மீட்டருக்கு கால் வினாடி, 40 மீட்டருக்கு அரை வினாடி. நேரம் ரெண்டு மடங்கு, ஆனா அம்பு கீழே இறங்குறது நாலு மடங்கு: 31 சென்டிமீட்டர், 123 சென்டிமீட்டர். மானுக்கு நெஞ்சும் நுரையீரலும் இருக்கிற இடம் சுமாரா ஒரு பேப்பர் பிளேட் அளவு, நடுவுல இருந்து 11 சென்டிமீட்டர். 20 மீட்டர்னு நெனச்சது நிஜத்துல 25ஆ இருந்தா அம்பு 10 சென்டிமீட்டர் கீழே போகும், பிளேட்டோட ஓரத்துலயாவது படும். 40ன்னு நெனச்சது 45ஆ இருந்தா 17 சென்டிமீட்டர். பிளேட்டை விட்டு வெளியே.

இன்னொண்ணு, சத்தம். நாண் அடிக்கிற சத்தம் 40 மீட்டரை 0.12 வினாடியில தாண்டிடும். அம்பு வந்து சேர அரை வினாடி. நடுவுல இருக்கிற நேரத்துல மான் சும்மா நிக்காது. நீங்க குறி வெச்ச இடத்துல இப்போ மானோட வேற பாகம் இருக்கும்.

அம்பு குண்டு மாதிரி அதிர்ச்சியில கொல்றது இல்ல, ரத்தம் போய்த்தான் உசிர் போகும். நுரையீரல்ல பட்டா சீக்கிரம் முடியும். குடல்ல பட்டா மணிக்கணக்கு. மிருகம் ஓடிடும். ரீல்ல அது வராது, ஏன்னா அந்த வீடியோவை யாரும் போடறது இல்ல.

எங்க அம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல இருக்காங்க. லீவுக்குப் போனப்போ அந்த ரீலைக் காட்டினேன். பாத்துட்டு அம்மா சொன்னது: "நாங்க தோலை விரிச்சா மொதல்ல தழும்பைத்தான் தேடுவோம் கண்ணு. முள்ளு கிழிச்சது, உண்ணி கடிச்சது, எல்லாம் தெரியும். ஆறிப்போன காயம்கூட அப்படியே நிக்கும். அதை ஒதுக்கிட்டுத்தான் டையை வெப்போம்." நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. நான்தான் அப்போ முதல் தடவையா அந்த ஆறாவது அம்பை நெனச்சேன்.

"நாம என்ன வேட்டைக்கா போறோம்?"னு கேப்பீங்க. சரிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்க வேட்டை குற்றம், முயற்சி பண்றதும் குற்றம்தான். ஆனா ஆன்லைன்ல காம்பவுண்ட் வில் பாக்குற ரெண்டு பேரை எனக்குத் தெரியும். "ஜவ்வாது மலைப் பக்கம் காட்டுப்பன்னி நிலக்கடலையை அழிக்குதே, அதை அடிச்சா என்ன?"ங்கிறாங்க. விவசாயிங்க நஷ்டம் நிஜம். அதுக்காகத்தான் 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவிச்சுது: காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால நிலத்துக்குள்ள வர்ற காட்டுப்பன்னியை வனத்துறை ஆளுங்க சுடலாம். அதுவும் பயிற்சி எடுத்தவங்க, துப்பாக்கியால. அதுல நமக்கும் நம்ம வில்லுக்கும் இடமே இல்ல.

வில் மேல ஆசை இருந்தா வழி இருக்கு. ராஜஸ்தான் பழங்குடிப் பையன் லிம்பா ராம் மூங்கில் வில்லோட காட்டுல வேட்டையாடி வளர்ந்தவர். அதே கண்ணும் கையும்தான் அவரை 1988, 1992, 1996 ஒலிம்பிக்ஸுக்குக் கூட்டிட்டுப் போச்சு. இந்தியன் ரவுண்டுல இன்னிக்கும் மூங்கில் வில்தான், 30 மீட்டரும் 50 மீட்டரும். அங்க அம்பு தப்பினா மார்க் போகும். வேற எந்த உசிரும் கஷ்டப்படாது.

உங்க நிஜமான ரேஞ்ச் தெரியணுமா? பேப்பர் பிளேட்டை டார்கெட்ல ஒட்டுங்க. தினமும் காலையில, வார்ம்-அப் இல்லாம, ஒரே ஒரு அம்பு. 20 நாள். இருபதும் பிளேட்டுக்குள்ள விழுற தூரம் எதுவோ அதுதான் உங்க ரேஞ்ச். நான் செஞ்சு பாத்தேன். எனக்கு 18 மீட்டர் வந்துச்சு. 50ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச அதே ஆளுக்கு.

அதனால டேக் பண்ண நண்பனுக்கு என் பதில்: முடியாதுடா. அடுத்த தடவை இப்படி ஒரு ரீல் வந்தா, எமோஜி போடறதுக்கு முன்னாடி கீழே ஒரு கேள்வி கேளுங்க. இதுக்கு முன்னாடி விட்ட அம்பெல்லாம் எங்கே போச்சு?