சாம்பலுக்குக் கணக்கு

2025 ஜனவரி 7. லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்கே கடலோரத்தில் பசிபிக் பாலிசேட்ஸ், வடக்கே மலையடிவாரத்தில் ஆல்டடீனா. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் தீ மூண்டது. சான்டா அனா காற்று அதைத் தெருத்தெருவாக இழுத்துப் போனது. 16,000-க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. அந்தக் காட்சிகளை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. தீ அணைந்ததும் கேமராக்கள் கிளம்பிவிட்டன. வீடு இழந்தவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கட்டடத்துக்கு ஒரு தொகை, உள்ளே இருந்த சாமான்களுக்கு ஒரு தொகை, வேறிடத்தில் வாடகைக்கு இருக்கும் செலவுக்கு ஒரு தொகை என்று பாலிசியில் தனித்தனியே இருக்கும். சாமான்களுக்குரிய பணம் முழுதாக வேண்டுமென்றால் எரிந்ததையெல்லாம் எழுதித் தரவேண்டும். எந்த அறையில் என்ன இருந்தது, எப்போது வாங்கியது, அன்று என்ன விலை, இன்று என்ன விலை. கரண்டி, தலையணை உறை, பிள்ளையின் காலணி வரை. ரசீது? அது அலமாரியோடு எரிந்தது. முப்பது வருடம் புழங்கிய வீட்டை மனசுக்குள்ளேயே சுற்றிவந்து விலை போடச் சொல்கிறார்கள். மறந்ததெல்லாம் நஷ்டம், ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டாலோ மோசடிப் பட்டம். பிரீமியம் வாங்கிய நாளில் யாரும் வந்து கரண்டியை எண்ணிப் பார்க்கவில்லையே!

கலிபோர்னியா சட்டம் இதில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் வீடு முழுதாக அழிந்தால், கட்டடக் காப்பீட்டுத் தொகையில் குறைந்தது 30 சதவிகிதத்தை, 2,50,000 டாலர் என்ற வரம்புக்குள், பட்டியல் கேட்காமலே சாமான்களுக்காகக் கொடுக்கவேண்டும் என்று 2020-ல் சட்டம் செய்தார்கள்; இந்தத் தீயின்போது நடப்பில் இருந்தது அதுதான். நல்லதுதான். ஆனால் மீதிக்கு மட்டும் ஏன் அந்தப் பாடு? ஏமாற்றுக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்பார்கள். புகைபோக்கி மட்டும் நிற்கும் மனையைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்வதை நாம் ஏற்கவில்லை. முழுதாக எரிந்த வீட்டுக்கு முழுத்தொகை, அதுதான் நியாயம்.

கட்டடக் கணக்கு இன்னொரு சிக்கல். வீட்டின் சந்தை விலை வேறு, அதைத் திரும்பக் கட்டும் செலவு வேறு. ஊரே ஒரே நேரத்தில் கட்டக் கிளம்பினால் மரத்துக்கும் ஆளுக்கும் விலை ஏறத்தான் செய்யும். பழைய வீட்டை இன்றைய கட்டட விதிப்படிக் கட்டும் கூடுதல் செலவு பாலிசியில் தனியாக இருந்தால்தான் உண்டு. பெரும்பாலும் முதலில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். மிச்சம், கட்டிக் காட்டிய பிறகு. வீட்டுக் கடன் பாக்கியிருந்தால் காசோலையில் வங்கியின் பெயரும் ஏறிவிடும். பணம் வந்தும் கைக்கு வராத நிலை இது.

எரியாமல் தப்பிய வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைக்கவேண்டாம். பக்கத்து வீடுகள் எரிந்த புகையில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்து வந்து மெத்தையிலும் சுவரிலும் படிந்திருக்கும். துடைத்துவிட்டுக் குடிபோகலாம் என்பது கம்பெனியின் கட்சி. குழந்தையை அங்கே படுக்கவைக்க முடியாது என்பது தாயின் கட்சி. பாலிசியையே இழந்தவர்களின் பாடு வேறு. ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில் சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. இப்படிக் கைவிடப்படுபவர்களுக்கு மிஞ்சும் கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான், 1968-லிருந்து கம்பெனிகள் கூட்டாக நடத்தும் திட்டம். புகைச் சேதத்துக்கு அது வைத்திருந்த நிபந்தனைகள் சட்டவிரோதம் என்று 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் சொன்னது. கடைசிப் புகலிடத்தோடும் கோர்ட்டில்தான் பேசவேண்டியிருக்கிறது.

நடுவில் சேதம் பார்க்க வரும் கம்பெனி அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். ஆறு மாதத்துக்குள் மூன்றாவது ஆள் வந்தால் கம்பெனி எழுத்தில் நிலவரம் தந்தாகவேண்டும் என்று அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். வியாதி எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதுதான். பாலிசியின் முழு நகலை முதல் வேலையாகக் கேட்டு வாங்கு. போனில் பேசியதைக் கையோடு மின்னஞ்சலில் எழுதி அனுப்பு. ஹோட்டல் பில்லைப் பத்திரப்படுத்து. பிறந்தநாளுக்கு வந்த உறவினர்களின் கைபேசியில் தேடு. கேக்குக்குப் பின்னால் சோபாவும் டிவியும் தெரியும், அதுவே சாட்சி. கட்டித் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும் ஒப்பந்தக்காரரிடம் உரிமம் கேள். முன்பணமாக 10 சதவிகிதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்குமேல் வாங்க கலிபோர்னியாவில் பெரும்பாலானோருக்கு அனுமதி இல்லை. பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரை அப்போதே அனுப்பிவிடலாம்.