விடைக்குறிப்புச் சுவைஞர்

1968 பிப்ரவரியில், பிரிட்டனில் ஒளியேறிய ‘தி பிரிசனர்’ என்னும் அறிவியற் புனைவுத் தொடர் 17ஆம் பகுதியோடு முடிவுற்றது. ‘ஆறாம் எண்’ எனச் சிறைப்பட்ட மனிதனை ஆட்டிவைத்த ‘முதலாம் எண்’ யார்? முகமூடிகள் களையப்பட்டபோது தெரிந்தது அக்கைதியின் முகமே! ஏமாற்றப்பட்டோம் எனப் பார்வையாளர் பலர் கொதித்தெழுந்தனர். அப்பகுதியை எழுதி, இயக்கி, நடித்த பேட்ரிக் மெக்கூகனைச் சாடினர்.

அவர்கள் வேண்டியது கலையன்று, விடைக்குறிப்பு. கொடியவன் ஒருவனைக் காட்டியிருந்தால் நிம்மதியாக உறங்கியிருப்பர். மனிதனைச் சிறையிடுவோன் அவனுள்ளேயே இருக்கின்றானோ என்னும் வினா அவ்வுறக்கத்தைக் கெடுத்தது. அதுவே குற்றமாம்!

முடிவு குறையுடையதாயின் காரணங்காட்டி மறுக்கட்டும். எதிர்பார்த்தது கிட்டவில்லை என்னும் புலம்பல் திறனாய்வாகாது. கவிதைக்கும் கதைக்கும் ஒரே விடையை மனப்பாடஞ் செய்விக்கும் வகுப்பறை இத்தகைய சுவைஞரையே உருவாக்கும். இதனை ஆசிரியர் உணர்தல் வேண்டும். மாணவர் வினவத் துணிதல் வேண்டும்.